இரண்டாவது கரும்புத் தொட்டில்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், நேற்று போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிந்தது. நலமில்லாமல் இருப்பவள் உன் மனைவி. ஐந்தாம் மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவிதா சுருண்டு படுத்திருக்கிறாள், ஸ்கேனில் கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் நார்க்கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், ஆபரேஷன் வசதியும் ரத்த வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று சென்னை டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். இதையெல்லாம் ஏதோ மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டது போலச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் உன் அப்பாவின் அக்காவைப் பற்றி ஒன்று சொன்னாய். "அத்தை திருவண்ணாமலையிலதான் பிரசவம் வச்சுக்கணும்னு ஆசைப்படறாங்க. தொட்டில்கூட வேண்டிக்கிட்டாங்களாம். கட்டின்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதம்மா. மனசு உடைஞ்சிடுவாங்க." என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாய். "உனக்கும் கட்டியோடதானே நான் பொறந்தேன்? ஒண்ணும் ஆகலையே."

போனை வைத்துவிட்டுக் களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கை இப்படித்தான் எதையாவது போட்டு அலசிக்கொண்டிருக்கும், உனக்குத் தெரியும். ஒன்றும் ஆகவில்லை என்று நீ சொன்னதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்ன ஆனது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த முதல் வாக்கியம் இருக்கிறதே, மனசு உடைஞ்சிடுவாங்க என்று, அது உன்னுடையது இல்லை. அதை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். உன் அப்பா சொல்லிக் கேட்டேன், நீ என் வயிற்றில் இருந்தபோது. சொல்லுக்குச் சொல் அதேதான். அப்பாவின் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, நடை வந்திருக்கிறது, போகட்டும் என்று விட்டேன். இதுவும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கவிதாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம் எனக்குக் கல்யாணம். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவண்ணாமலை வட மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த இந்த வீட்டுக்கு வந்தேன். உன் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். மாமனார், மாமியார் இல்லை, சுகமான இடம் என்று என் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மாமியார் இல்லாத குறையைத் தீர்க்க உன் அத்தை இருந்தாள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் பாதி நாள் இங்கேதான் இருப்பாள். தாய் இறந்த பிறகு உன் அப்பாவை வளர்த்தவள் அவள். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. உன் அப்பா மண்டியில் நாலு வியாபாரிகளை ஒரே நேரத்தில் மிரட்டுவார், அக்கா எதிரில் மட்டும் உட்காரக்கூட மாட்டார்.

எனக்கு மாதவிலக்கு வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. அந்தக் காலத்தில் அதற்கு 'தூரம்' என்றுதான் பெயர். பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தனிப் பாய், தனித் தட்டு. மற்ற பெண்கள் மூன்று நாளில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள். நான் மாதத்தில் பாதியை அங்கேதான் கழித்தேன். துணி துவைத்துத் துவைத்துக் கை தோல் உரியும். எழுந்து நின்றால் கண் இருட்டும். அத்தையிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் பக்கத்தில், தீட்டுப் படாத தூரத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தாம்மா ஜாஸ்தியா போவும். உடம்புல இருக்கற சூடெல்லாம் எறங்குதுன்னு அர்த்தம். வெந்தயம் ஊற வச்சுக் குடி" என்றாள். நானும் குடித்தேன். அவளுக்கும் அப்படி என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் போல என்று நம்பினேன். ஒருத்தி வயிற்றில் இருக்கிற நோயை இன்னொருத்தியும் வைத்துக்கொண்டிருந்தால் அது வழக்கம் ஆகிவிடுகிறது.

முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்தது. அப்போது என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். "அங்க சரியாப் பாத்துக்கல" என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அடுத்தது நிற்க வேண்டுமே என்று பௌர்ணமி தோறும் என்னைக் கிரிவலம் அழைத்துப் போனாள். இப்போது மாதிரி விளக்கும் கூட்டமும் அன்று கிடையாது. வெறுங்காலில் கல்லும் முள்ளுமாக மலையைச் சுற்றி வருவோம், தூரமாகாத பௌர்ணமி கிடைத்தால். கிடைக்காத மாதத்தில் சாமிக்கே என்மேல் இஷ்டமில்லை என்று சொல்லிவிடுவாள். ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மண்டியில் ஒரு மாடு இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டால் உன் அப்பா வைத்தியரை வீட்டுக்கே கூட்டி வருவார்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடம் நீ என் வயிற்றில் வந்தாய். இந்தத் தடவை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. நாலாம் மாதத்திலேயே வயிறு ஆறு மாத வயிறு போலத் தள்ளிக்கொண்டு நின்றது. பார்ப்பவர்களெல்லாம் நாள் கணக்குத் தப்பு என்று கேலி செய்தார்கள். அத்தை ஒரு மருத்துவச்சியை அழைத்து வந்தாள். அவள் எண்ணெய் தடவி அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தல தட்டுப்படுது. ரெட்டப் புள்ள" என்றாள். அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "தம்பி, ஒண்ணு எனக்கு" என்றாள். "எடுத்துக்கக்கா" என்றார் உன் அப்பா. சுமக்கிறவள் நான் அங்கேயே கட்டிலில் படுத்திருந்தேன். கடைத்தெருவில் இரண்டு தேங்காய் வாங்கி ஒன்றை அக்காவுக்குக் கொடுப்பது போல முடித்துவிட்டார்கள். அன்றைக்கே அத்தை அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள், பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்தால் கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு கரும்புத் தொட்டில் என்று.

ஐந்தாம் மாதத்தில் வலி வந்தது. இப்போது கவிதாவுக்கு வந்திருக்கிறதே, அதே வலி. ஒரு பக்கமாகக் கத்தி வைத்துத் திருகுவது போல, தொட்டால் உயிர் போகும். கூடவே காய்ச்சல், வாந்தி. நான் தரையில் புரண்டேன். அத்தை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டும் எடம் பத்தாம சண்டை போடுதுங்க" என்று சிரித்தாள். நீ நேற்று கவிதாவிடம் சூட்டு வலி, இளநீர் குடி என்று சொன்னாயாமே. அவள்தான் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். நல்ல வேளை, உன் அத்தை மாதிரி நீ சிரிக்கவில்லை.

வலி தாங்காமல் நான் போட்ட கூச்சலில், அக்கம்பக்கத்துக்குப் பயந்து உன் அப்பா என்னை ஊரில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா குழல் மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஒரு நெஞ்சுத் துடிப்புதான் கேக்குது. இன்னொண்ணு புள்ள இல்லம்மா, கர்ப்பப்பையில வளர்ந்திருக்கற கட்டி. பயப்படாதீங்க, புத்து இல்ல. ஆனா பிரசவத்துல தொந்தரவு குடுக்கும். இங்க வச்சுக்காதீங்க, வேலூருக்கோ மெட்ராஸுக்கோ இப்பவே போய்ப் பதிஞ்சு வச்சுடுங்க." எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அத்தனை வருட ரத்தத்துக்கும் வலிக்கும் முதல் தடவையாக ஒருவர் ஒரு பெயர் சொன்னார்.

திரும்பி வரும்போது தேரடியில் ரிக்‌ஷாவை நிறுத்தி உன் அப்பா எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். வழக்கமில்லாத கவனிப்பு. என்னவோ வரப்போகிறது என்று நினைத்தேன், வந்தது. "கட்டின்னு அக்காகிட்ட சொல்லிடாத. மனசு உடைஞ்சிடுவாங்க." வேலூருக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன். "வேலூருக்குப் போனா எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் சொல்ல வேண்டி வரும். இங்கயே நர்ஸிங் ஹோம் இருக்குதில்ல, பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அக்காவின் மனசு ஒரு தட்டில், என் உயிரும் உன் உயிரும் இன்னொரு தட்டில். மண்டி வைத்திருக்கிற மனிதர், எடை போடத் தெரியாமலா இருக்கும்? அவருக்கு எது கனமோ அது இறங்கியது. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். திறந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று முதலில் சொல். அந்த வீட்டில் எனக்கு இருந்த இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

அந்தக் கட்டி என்ன செய்யும் என்பதைப் பிறகு வேலூரில் ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். கவிதாவுக்காக அதை எழுதுகிறேன். ஒரே அறையில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள். சில வீட்டில் கட்டி பாட்டுக்கு ஓர் ஓரமாக இருந்துவிடும், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்துவிடும். நிறைய பெண்களுக்கு அப்படித்தான், கட்டி இருந்ததே தெரியாமல் பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே கவிதா பயப்பட வேண்டாம். ஆனால் எல்லாக் கட்டியும் ஓரமாக இருப்பதில்லை. பிள்ளையோடு சேர்ந்து அதுவும் பெருக்கும்போது அதற்கு ரத்த ஓட்டம் போதாமல் உள்ளுக்குள் நைந்துபோகும், அதுதான் ஐந்தாம் மாத வலி. படுத்து ஓய்வெடுக்க வேண்டும், டாக்டர் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட வேண்டும், இளநீரால் ஆகாது. கரு கலையலாம், நாளுக்கு முன்னால் வலி எடுக்கலாம். கட்டி இடத்தை அடைத்துக்கொண்டால் பிள்ளை தலைகீழாகத் திரும்ப முடியாமல் குறுக்கே கிடக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் வழியையே மறித்துவிடும், அப்போது வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். கட்டி உள்ளே இருந்தால் அது சரியாகச் சுருங்காது. கவிதாவின் டாக்டர் ரத்தம் தயாராக வேண்டும் என்றது அதற்காகத்தான். உன்னைப் பயமுறுத்துவதற்காக இல்லை.

ஆவணியில் ஒரு நாள் விடியும்போது எனக்கு வலி எடுத்தது. நர்ஸிங் ஹோம் வாசலில் அத்தை இரண்டு ஜோடிப் பழைய வெள்ளைத் துணிகளைத் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியும் நீ இறங்கவில்லை. குறுக்கே கிடந்தாய், உனக்குக் கீழே அது வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்கிருந்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இனி ஒரு நிமிடமும் இங்கே வைத்திருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். கார் கிடைக்கவில்லை. மண்டி லாரியில் வேர்க்கடலை மூட்டைகளின்மேல் ஜமுக்காளம் விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த உன் தாய்மாமன் என் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். உன் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். ஏறுகிறேன் என்று வந்த அத்தையை மட்டும், "நீ வேணாங்கா, வீட்ல இரு" என்று தடுத்துவிட்டார். வேலூரில் டாக்டர் வாயைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. அந்த அவசரத்திலும் அவருக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. போளூர் தாண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி குதிக்கும்போது நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

வேலூரில் வயிற்றைத் திறந்து உன்னை எடுத்தார்கள். நீ அழுதாயாம், எனக்குத் தெரியாது. எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் பிழைப்பாள், கையெழுத்து வேண்டும், உடனே ரத்தமும் வேண்டும் என்று நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இந்தம்மாவோட வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அதுவரை அங்கேதான் நின்றிருந்தாராம் உன் அப்பா. ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் படியிறங்கிப் போய்விட்டார். நர்ஸ் மறுபடியும் கேட்டாளாம். லாரி டிரைவர் தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார், அவருடைய வகை சேரவில்லை. உன் தாய்மாமனுடையது சேர்ந்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், அவன்தான் கையெழுத்தும் போட்டான், ரத்தமும் கொடுத்தான். உன் அப்பா பொழுது சாய்ந்த பிறகு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். கோயிலில் எனக்காக வேண்டிக்கொண்டிருந்தாராம். ரத்தம் கொடுத்தால் ஆம்பளைக்குச் சத்துப் போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம், அதைப் பிறகு அவரே சொன்னார். நீ ஒன்றும் ஆகவில்லை என்றாயே, அந்த ஒன்றுமில்லாதது இதுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அத்தை வந்துவிட்டாள். நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன், வராந்தாவில் பேசியது எனக்குக் கேட்டது. "எங்கடா என் புள்ள?" என்றாள். உண்மையைச் சொல்ல உன் அப்பாவுக்கு அது கடைசிச் சந்தர்ப்பம். ஆனால் உண்மையைச் சொன்னால், ஐந்தாம் மாதமே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டுமே. "ரெண்டாவது... வயித்துலயே கட்டியாயிடுச்சுக்கா" என்றார். அத்தை உள்ளே வந்தாள். உன்னைப் பார்க்கவில்லை. என் கட்டில் பக்கத்தில் நின்று, "எம் புள்ளைய இன்னாடி பண்ண?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் உன்னைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

வேண்டுதல் வேண்டுதல்தானே, இரண்டு தொட்டில் என்று சொன்னது இரண்டாகத்தான் செலுத்த வேண்டும் என்றாள் அத்தை. கார்த்திகைத் தீபத்துக்கு மாட வீதியில் நூற்றுக்கணக்கான கரும்புத் தொட்டில்கள் வரும், நீயும் பார்த்திருக்கிறாய். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் புடவையில் தூளி போட்டு, உள்ளே குழந்தையோடு புருஷன் முன்னாலும் பெண்சாதி பின்னாலும் தோளில் சுமந்து வருவார்கள். வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க நானும் உன் அப்பாவும் உன்னைச் சுமந்து நடந்தோம். எங்களுக்குப் பின்னால் அத்தையும் அவள் வீட்டுக்காரரும் இன்னொரு தொட்டிலைச் சுமந்து வந்தார்கள். வெறுந்தூளி தூக்கக் கூடாது என்று அதில் மஞ்சள் பூசிய ஒரு தேங்காய். அத்தை வாய்விட்டு அழுதுகொண்டே வந்தாள். கூட்டம் எங்களை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தது. யாரோ ஒருத்தி கேட்க, இன்னொருத்தி பதில் சொன்னாள், "முன்னாடி போறா பாரு, அவ வயித்துலதான் கட்டியாயிடுச்சாம்." பேகோபுரத் தெரு திரும்புவதற்குள் இந்த ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அப்பா ஒழுங்காக, கோஷம் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு எந்த வளைகாப்பிலும் என்னை முன்னால் விடவில்லை. கர்ப்பப்பை எடுத்தவள், பிள்ளையைக் கட்டியாக்கியவள். உனக்கு விவரம் தெரிய ஆரம்பித்த வருடத்திலிருந்து அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்கு ஒரு சட்டை எடுப்பாள், அதே துணியில், அதே அளவில் இன்னொன்றும் எடுப்பாள். அதை அடி அண்ணாமலையில் ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். உனக்கு அளவு ஏற ஏற அதற்கும் ஏறியது. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே என்னைப் பார்த்து, "அம்மா, என் தம்பிய ஏன் கட்டியாக்கிட்ட?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அப்பா உனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நான் கரண்டியும் கையுமாக நின்றேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன். அவர் போய்ச் சேருகிறவரை ஊற்றினேன். போகும்போதும் அவர் அந்த ஒரு வார்த்தையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

நேற்று நீ அதே வாக்கியத்தைச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கட்டி என்று தெரிந்தால் அத்தை, இந்தப் பிள்ளையும் கட்டியாகிவிடும் என்று பதறுவாள். சொல்லாமல் விட்டால் பிரசவத்துக்கு ஏன் இங்கே வரவில்லை என்று கேட்பாள். ஆகவே பேசாமல் கவிதாவை இங்கேயே கூட்டி வந்துவிடலாம் என்று பார்க்கிறாய். கேட்க அவளுக்குத் தாய் இல்லை. இருந்தால் இந்நேரம் உன் வீட்டு வாசலில் நின்றிருப்பாள். சரி, அவள் இல்லாவிட்டால் நான் இருக்கிறேன் என்று இன்று காலை ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன்.

அத்தை பூ கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். லேடி டாக்டர் சொன்னது, சோடா, லாரி, வராந்தா, எதையும் விடவில்லை. இத்தனை வருடமாக இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சொல்லும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த ஆசையோடுதான் போனேன். அவள் சத்தம் போடுவாள், தம்பியைச் சொல்லாதே என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்குப் புள்ளன்னு ஒண்ணு இருந்ததே இல்லியா?" என்றாள். 

"இல்ல அண்ணி" என்றேன். 

உள்ளே அலமாரியில் இந்தத் தீபாவளிக்கும் ஜோடியாக எடுத்த இரண்டாவது சட்டை இருந்தது, உன் அளவு. அதைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சின்னக் குரலில், "எனக்கும் அப்பல்லாம் ஜாஸ்தியா போவுமே. பத்து நாள், பன்னண்டு நாளு. எனக்கும் அந்தக் கட்டிதான் இருந்திருக்குமா?" என்று கேட்டாள். 

"தெரியல அண்ணி. உங்கள யாரும் காட்டலையே" என்றேன். 

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, தீரவில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு, அந்த இடத்தில் இப்போது மாலை போட்ட போட்டோதான் இருக்கிறது.

ஆக, உடைய வேண்டிய மனசு உடைந்தாகிவிட்டது. அதை உனக்காக நானே செய்துவிட்டேன். இனி யாரைக் காப்பாற்றுவதற்காகவும் நீ கவிதாவை இங்கே கூட்டி வரத் தேவையில்லை. டாக்டர் சொன்ன ஆஸ்பத்திரியில் இன்றைக்கே பதிந்துவிடு. அவளுடைய நட்சத்திரமும் ராசியும் உனக்குத் தலைகீழாகத் தெரியும், பொருத்தம் பார்த்தாயே. அவள் ரத்தம் என்ன வகை என்று தெரியுமா? கேட்டுத் தெரிந்துகொள். உன்னுடையதையும் பார்த்துக்கொள், சேராவிட்டால் சேருகிறவர்களைத் தேடி வை. உன் தாய்மாமனிடம் சொல்லிவிட்டேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறான், இனி அவனிடம் எடுக்க மாட்டார்கள், ஆனாலும் வருகிறேன் என்கிறான். நானும் வருவேன். தொட்டிலைப் பற்றி இப்போது பேசாதே, கரும்பு எங்கேயும் ஓடிப்போய்விடாது.

ஒன்று மட்டும். அன்றைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், ஆபீஸுக்குப் போன் பேச வேண்டும் என்று உனக்கு என்னென்னவோ தோன்றும். உன் ரத்தத்தில் அது இருக்கிறது, எனக்குத் தெரியும். எங்கேயும் போகாதே. அந்தக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒருத்தி வந்து, இந்தம்மாவோட வீட்டுக்காரர் யாரு என்று கேட்பாள். அவள் இரண்டாம் தடவை கேட்கும்படி வைக்காதே.

உன்னை ஒன்றும் ஆகாமல் பெற்ற
அம்மா